இரு ராஜ்யங்களின் நடுவே ஒரு குடித்தனம்

பாலக்காட்டிலாகட்டும் மூணாற்றிலாகட்டும், நம்மவர் நால்வர் கூடினால் பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்பது வழக்கம்: "இங்கேயே இருந்துவிடுவதா, அக்கரைக்குப் போய்க் குடியேறுவதா?" அக்கரை என்பது கடல் கடந்த சீமையன்று, வாளையாற்றுக்கு அப்பால், அல்லது போடிமெட்டுக்குக் கீழே. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரையில் பாலக்காட்டு நகரத்தாருக்கு இக்கேள்வியே எழவில்லை. மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு இருந்தது. தேவிகுளம், பீருமேடு மக்களோ அதற்கு முன்பே திருவிதாங்கூர்-கொச்சிப் பிரஜைகள். ஆகவே இருவர் கணக்கும் ஒன்றாக இராது என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக உள்ளவனுக்கு இக்கேள்வியின் இரு பக்கமும் டிக்கெட் ஜன்னலிலேயே தெரிகிறது. காலையில் சீசன் டிக்கெட்டோடு கோயமுத்தூருக்குப் புறப்படுவோர் ஒரு கூட்டம். அங்கிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்து இறங்குவோர் மற்றொரு கூட்டம். இவர்கள் அங்கே போவதும் அவர்கள் இங்கே வருவதும் பிழைப்புக்குத்தான்.

கூலியைப் பார்த்தால் கேரளமே மேல். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்குப்படி, 2022-23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய். தமிழ்நாட்டில் சுமார் 500 ரூபாய். இதைக் கேட்டவுடன் மூட்டை கட்டுவோர் உண்டு. ஆனால் இது நாட்கூலி, மாதச் சம்பளமன்று. இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் கொத்தனாருக்கு வாரக்கணக்கில் வேலை இராது. வாடகை மட்டும் மழையைப் பார்ப்பதில்லை.

மலைத்தோட்டங்களுக்கோ இந்த உயர்ந்த கூலி ஏறவே இல்லை. 2015இல் மூணாற்றில் கொழுந்து பறிக்கும் பெண்களின் நாட்கூலி 232 ரூபாய். அவ்வாண்டு செப்டம்பரில் 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் அவர்கள் தாமாகவே வீதியில் அமர்ந்து, 20 சதவீத போனஸும் 500 ரூபாய்க் கூலியும் கேட்டனர். போனஸ் கிடைத்தது, கூலி 301 ரூபாயோடு நின்றது. பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கி நிற்கச் சொன்ன அந்தத் துணிவை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நிற்க, செலவுக்கு வருவோம். மத்திய சர்க்கார் 2022-23இல் நடத்திய குடும்பச் செலவு ஆய்வில், கிராமத்தில் ஆளொன்றுக்கு மாதச் செலவு கேரளத்தில் 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310 ரூபாய். நகரத்திலோ கணக்குத் தலைகீழ்: கேரளம் 7,078, தமிழ்நாடு 7,630. செலவு என்பது விலை மட்டுமன்று, வாங்கும் அளவும் அதில் அடங்கும். ஆயினும் "தமிழ்நாடு மலிவு" என்று கண்ணை மூடிக்கொண்டு கோயமுத்தூரில் வீடு பார்ப்பவர் இதைக் கவனிப்பது நலம்.

சில்லறைச் சாமான்களில் மலிவு அந்தப் பக்கந்தான். ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறி லாரி ஏறி இங்கே வருவதால், லாரி வாடகையும் இறக்குகூலியும் நம் கத்தரிக்காயின் தலையில் ஏறுகின்றன. (சுமையைத் தொடாமல் பார்த்து நின்றதற்கே வாங்கிய 'நோக்குக்கூலி' 2018 மே 1 முதல் தடை செய்யப்பட்டது, அந்த மட்டில் நன்று.) 2022 டிசம்பர் விலையேற்றத்துக்குப் பின் மில்மாவின் சாதாரணப் பால் அரை லிட்டர் 26 ரூபாய், அப்போது ஆவினின் நீல உறை 20 ரூபாய். 2025 செப்டம்பரில் கேரளத்தில் விலைவாசி உயர்வு 9 சதவீதத்தைத் தாண்டியது. தேசமெங்கும் சேர்த்துப் பார்த்தால் அது 2 சதவீதத்துக்கும் கீழே. தேங்காய் எண்ணெய் அவ்வாண்டு கிலோ 400 ரூபாயைக் கடந்தது. தென்னந்தோப்புகளின் நடுவே வாழ்ந்துகொண்டு எண்ணெய்க்குத் தவித்தோம்.

சர்க்கார் உதவிகளையும் தராசில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு இலவச அரிசி. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாயிற்று. 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கினர். கேரளத்தில் முதியோர் ஓய்வூதியம் 2025 நவம்பரில் 1,600லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2023இல் அது 1,200 ஆயிற்று. ஆக, இளம் குடும்பத்துக்கு அப்பக்கமும் வயோதிகருக்கு இப்பக்கமும் அனுகூலம் எனலாம். இரண்டையும் பெறலாமென்று இரு பக்கமும் ரேஷன் அட்டை வைத்திருப்போர் உண்டு. அது சட்ட விரோதம். அகப்பட்டால் இரண்டும் போய்விடும்.

பணத்தில் அடங்காதவையும் உள. 2020ஆம் ஆண்டுக் கணக்கில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13. இந்த வேற்றுமையைப் பாலிலும் அரிசியிலும் ஈடு செய்ய இயலாது. எனினும் இடுக்கி ஜில்லாவில் ரயிலே இல்லை. மலையோரத்தார் பலர் பெரிய வைத்தியத்துக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கே இறங்குகின்றனர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழர் தம் மொழியிலேயே சர்க்காருக்கு எழுத இடம் தருகிறது, எழுதுவோர்தாம் குறைவு.

எல்லாவற்றிலும் கடினமானது ஜாதிச் சான்றிதழ். பட்டியல் ஜாதியார் உரிமை, 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்போது குடும்பம் வசித்த ராஜ்யத்தைப் பொறுத்தது. அதன் பின் மலையேறியவரின் பேரன் இங்கேயே பிறந்தவனாயினும் கேரளத்தில் அச்சலுகை பெற முடிவதில்லை. முன்பே வந்தவர்களும் பாட்டனார் வந்த ஆண்டை எழுத்து மூலம் காட்ட வேண்டும். கொழுந்துக்கூடை சுமந்தவர் எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தியிருப்பார்? வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கல்லூரியில் சேரும் பிள்ளையும் ஓய்வு பெறும் தாயும் ஒரே வருஷத்தில் வாய்த்த வீட்டில், கூலி வித்தியாசம் பெரிய விஷயமாகத் தோன்றுவதில்லை.

ஆதலால் குடிபெயர எண்ணுவோர் முதலில் எஸ்டேட் பழைய பதிவேட்டில் பாட்டனார் பெயரைத் தேடி நகல் பெறுக. பிறகு பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். அதன் பின்னரே ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம். நீக்கிய சான்று கைக்கு வருமுன் அக்கரையில் புது அட்டைக்கு மனுப்போட வேண்டாம். ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் இவை முடியவேண்டுமாயின் மாசி மாதமே தாலுகா ஆபீசுக்கு நடக்கத் தொடங்குதல் வேண்டும்.