வெள்ளணு ஊசி: பாதியில் நிறுத்தாதீர்

பம்மல், அனகாபுத்தூர்ப் பக்கங்களிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் சென்னைப் பொது மருத்துவமனைக்கும் சென்று கீமோ பெற்றுத் திரும்பும் நோயாளிகளின் வீட்டார், வெள்ளணுக்களைப் பெருக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த ஃபில்கிராஸ்டிம் ஊசியை இரண்டு நாள் போட்டுவிட்டு, ‘கவுன்ட் ஏறிவிட்டது’ என்ற சந்தோஷத்தில் மூன்றாம் நாளே தாமாக நிறுத்திவிடும் விபரீதத்தை அடிக்கடி காண்கிறோம்.

அந்த முதல் ஏற்றம் தாற்காலிகமானது. எலும்பு மஜ்ஜையில் ஏற்கெனவே இருந்த அணுக்களை மருந்து அவசரமாக வெளியே தள்ளுவதால் விளைவது அது. கீமோவால் அணுக்கள் மிகவும் குறையும் காலமோ பெரும்பாலும் ஒரு வாரம் கழிந்த பிறகே வருகிறது. இடையில் ஊசியை விட்டால், ஏறிய எண்ணிக்கை ஓரிரு நாளில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலும், மஜ்ஜையில் ஐந்து நாள் போல முதிர வேண்டிய நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு இம்மருந்தின் தூண்டுதலால் ஒரு நாளளவில் ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. கிருமியை விழுங்கிக் கொல்லும் சக்தி அதற்குக் கூடுவதாக ஆய்வுகள் கூறினாலும், கிருமி புகுந்த இடம் நோக்கி விரையும் திறம் சில ஆய்வுகளில் குறைந்தே காணப்பட்டது. ஆகவே ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் பெரிதாக இருக்கிறதென்று காய்ச்சலை அலட்சியம் செய்யலாகாது. உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல், நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய், கீமோ முடிந்து எத்தனை நாளாயிற்று என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இடப்பக்க மேல்வயிற்றிலோ இடத்தோளிலோ கடும் வலி கண்டாலும் அவ்வாறே. மண்ணீரலுக்கு ஆபத்து நேர்ந்திருக்கலாம்.

ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். ஃபிரீசரில் வைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, கீமோ முடிந்து 24 மணி நேரத்துக்குள் போடவும் கூடாது. மே மாத வெயிலில் வெறும் பாலிதீன் பையில் போட்டுக் கொடுக்கும் கடைக்காரரிடம் ஐஸ் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லின்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முறையிட்டுப் பிரயோஜனமில்லை. பக்கவிளைவுகளை 1800 180 3024 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

பாதியில் நிறுத்துவதற்குப் பெரும்பாலும் பணமே காரணம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர், நோய் தெரிந்த அன்றே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு முயல வேண்டும். பம்மல், செங்கல்பட்டு மாவட்டத்தின் பல்லாவரம் வட்டத்தைச் சேர்ந்ததாதலால், இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை எந்நிலையில் இருக்கிறதென்று விடாமல் கேட்டுப் பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளோடு செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு அட்டை மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியின் வீட்டாரை ‘நாளை வா’ என்று அலைக்கழிக்கும் அதிகாரிகளுக்கு, அந்த நாளை எத்தகையதென்று யார் சொல்வது? கீமோ தொடங்குமுன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், இவ்வூசி சிகிச்சைத் தொகையில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடங்கும் என்று சொல்லிவிட்டுப் பின்னர் வெளியில் வாங்கச் சொன்னால், அந்தச் சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்தி, 1800 425 3993 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அட்டை வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வாங்க வழியில்லையெனில் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள். காய்ச்சல் கண்ட இரவிலோ அட்டையைத் தேடிக்கொண்டும் நிற்க வேண்டாம்.