பலகைப் படத்துக்கு விலை என்ன?

பல வருஷம் வங்கியில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்தவள் நான். சங்கிலியோ வளையலோ, உரைகல்லும் தராசும் அன்றைய கிராம் விலையும் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் மதிப்பு தெரிந்துவிடும். கும்பகோணத்தில் அம்மா வீட்டுப் பூஜை அறையில் தொங்கிய தஞ்சாவூர்ப் படத்திடம் இந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை.

இரண்டரை அடி உயரப் படம். கையில் வெண்ணெய் உருண்டையோடு கிருஷ்ணன். விளக்குப் புகை ஏறி நீலமும் பச்சையும் ஒரே கருப்பாகியிருந்தன. அப்பாவைப் பெற்ற பாட்டி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோதே படம் சுவரில் இருந்ததாம்.

அம்மா காலமான பிறகு வீட்டை ஒழித்தோம். பித்தளை அண்டாக்களை எடுக்க வந்த வியாபாரி, "அந்தச் சாமி படத்தையும் குடுத்துடுங்கம்மா, தனியா பதினஞ்சாயிரம் தரேன்" என்றார். அண்டாவுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கட்டிய மனிதர், நாங்கள் விற்பதாகச் சொல்லாத பொருளுக்குத் தானாக விலை சொல்கிறார். எனக்குப் பொறி தட்டியது. படம் விற்பனைக்கில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மதிப்பிடுபவர் வேறு, வாங்குபவர் வேறு

வங்கியில் நகையை மதிப்பிடுபவர் அதை வாங்கப்போகிறவர் அல்ல. அதனால்தான் அவர் சொல்லை நம்புகிறோம். பழம்பொருள் விஷயத்தில் இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சில் நடந்த ஒரு வழக்கு நல்ல பாடம். வயதான தம்பதி ஒன்று 2021-இல் வீட்டை ஒழித்தபோது, ஆப்பிரிக்காவில் காலனி அதிகாரியாக இருந்த தாத்தா கொண்டுவந்த மரமுகமூடி ஒன்றைப் பழைய சாமான்காரரிடம் 150 யூரோவுக்குக் கொடுத்துவிட்டது. அது காபோன் நாட்டு ஃபாங் மக்களின் அரிய முகமூடி. அடுத்த ஆண்டு மோன்பெலியே நகர ஏலத்தில் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. தம்பதி வழக்குப் போட்டார்கள். விற்கும் முன் மதிப்பை விசாரித்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று 2023 டிசம்பரில் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

நாங்கள் அருங்காட்சியகப் பணியில் ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்தோம். கட்டணம் முன்பே பேசியது. விலையில் சதவீதம் கேட்பவரை வைத்துக்கொள்ளக் கூடாது. விலை ஏறினால் அவருக்கும் லாபம் என்றாகிவிடும்.

வந்தவர் கிருஷ்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைக் கவிழ்த்து முதுகைத்தான் வெகுநேரம் பார்த்தார். தஞ்சாவூர்ப் படத்துக்குப் பலகைப் படம் என்றே பழைய பெயர். பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடியைப் பசையோடு குழைத்துப் பூசி, மேடு எழுப்பி, தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதிப்பார்கள். 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில் இந்தக் கலை செழித்தது. புதுப் படத்தைப் புகை காட்டிப் பழசாக்குபவர்கள் முன்பக்கத்தில் நிறைய வேலை செய்வார்கள். பலகையின் காய்ச்சல், துணியின் இழை, ஆணியின் துரு இவற்றில் கோட்டைவிடுவார்கள். அதனால்தான் முதுகைப் பார்ப்பது.

"பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம். முகத்துல பின்னால யாரும் கை வைக்கல, அதுதான் விசேஷம். ஓரத்துல மட்டும் பிற்பாடு தங்கம் ஒட்டியிருக்காங்க" என்றார். ஆறிலிருந்து எட்டு லட்சம் வரை போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். துடைக்காதீர்கள், புதுத் தங்கம் ஒட்டாதீர்கள், பழைய சட்டத்தை மாற்றாதீர்கள் என்பது அவர் உத்தரவு. பளபளப்பாக்கினால் படத்துக்கு அழகு கூடுகிறதோ இல்லையோ, மதிப்பு குறைந்துவிடும்.

அதே அறையில் இருந்த ரவிவர்மா லட்சுமிதான் பெரிய சொத்து என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்தார். அது அச்சுப் படம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதே தன் ஓவியங்கள் வீட்டுக்கு வீடு போகத்தான். அவர் கையால் வரைந்த 'யசோதையும் கிருஷ்ணனும்' 2023-இல் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அச்சுப் படம் அந்தக் கணக்கில் சேராது.

சட்டம் என்ன சொல்கிறது?

தங்கை மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். "நீங்க யாரும் சண்டை போட வேணாம் பெரியம்மா, நானே எடுத்துட்டுப் போறேன்" என்றான். எடுத்துப் போக முடியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத ஓவியம், சிற்பம் போன்றவை தொல்பொருள். சுவடிகளுக்கு 75 வருஷமே போதும். தனியார் இவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை.

உள்நாட்டில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமல்ல. ஆனால் பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் பதிவு அலுவலரிடம் புகைப்படத்தோடு பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் தெரிவிக்க வேண்டும். கொல்லையில் தோண்டும்போது கிடைத்த பொருளென்றால் கதையே வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். கோயிலிலிருந்து வந்ததோ என்று சந்தேகம் வரும் சிலையிலும் வைப்பதா விற்பதா என்ற யோசனைக்கே இடமில்லை.

வரியும் உண்டு. வீட்டு மேஜை நாற்காலியை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பத்துக்கு உண்டு. 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றால், நெடுங்காலம் கையில் இருந்த ஓவியத்தின் ஆதாயத்தில் பன்னிரண்டரை சதவீதம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்துக்கு வந்த பொருளானால், அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம். ஆகவே மதிப்பீட்டுக் காகிதம் வாங்கும்போதே அந்தத் தேதியின் மதிப்பையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

நீங்கள் இதை வாங்குவீர்களா?

இத்தனைக்குப் பிறகும் முடிவு வரவில்லை. "வித்துடலாம்" என்ற அண்ணன், அடுத்த வாரம் "அம்மா விளக்கேத்தின படமாச்சே" என்றார்.

கையில் இருக்கும் பொருளுக்கு நாம் கூடுதல் விலை போடுவது மனித இயல்பு. கானமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சாதாரணக் காபிக் கோப்பையைக் கையில் கொடுத்ததுமே அதை விற்கக் கேட்ட விலை, கையில் இல்லாதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கோப்பைக்கே இப்படி என்றால் அம்மாவின் படத்துக்குக் கேட்க வேண்டுமா?

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். படம் நம்மிடம் இல்லை, ஆறு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. ஒரு கடையில் இந்தப் படத்தைப் பார்த்தால் யார் வாங்குவீர்கள்? வாங்கினால் எங்கே மாட்டுவீர்கள்?

அண்ணன் வாங்கமாட்டார். சென்னையில் தரைத்தளத்தில் அவர் வீடு. மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும், பலகைக்கு ஆகாது. நானும் வாங்கமாட்டேன். வெளியூர் போகும்போதெல்லாம் பூட்டைப் பற்றிய நினைப்பாகவே இருக்கும். தங்கை மட்டும், "நான் வாங்குவேன்க்கா. ஒரேயடியா குடுக்க முடியாது, தவணையில தரேன்" என்றாள். அவள் வீட்டில் வெயிலும் ஈரமும் படாத உள்சுவர் ஒன்று இருந்தது. பூச்சி பார்க்கவும் காப்பீடு எடுக்கவும் அவளே முன்வந்தாள்.

அண்ணன் தன் பங்குப் பணம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. இன்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது, பேரப் பிள்ளைகள் காலத்தில் "எங்க தாத்தா சும்மா விட்டது" என்ற பேச்சாக முளைக்கும். ஆறு லட்சத்தை மூன்றாகப் பிரித்து, தங்கை இரண்டு பங்குக்குப் பணம் தருவதென்று ஆடிட்டரைக் கலந்து எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பதிவு அவள் பெயரில்.

அவளும் வேண்டாம் என்றிருந்தால் விற்றிருப்போம். அதில் பாவம் ஒன்றுமில்லை. பரம்பரைச் சொத்து என்று சொல்லிக்கொண்டே பரணில் போட்டுக் கறையானுக்குக் கொடுப்பதைவிட, பணம் கொடுத்து ஆசையாக வாங்கிப்போகிற அந்நியர் வீட்டில் அது நன்றாக இருக்கும்.