சைரன் போட்டால் போதுமா?

"ஆம்புலன்ஸ் மேலயே கேஸ் போட முடியுமா சார்?" பைக்கில் அடிபட்டவர்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். விபத்து வழக்குகள்தான் என் தொழில்.

அவசர வாகனம் சிவப்பு விளக்கைத் தாண்ட 2017-ம் ஆண்டு ஓட்டுநர் விதிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால், மற்றவர்கள் பாதுகாப்பையும் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். எனவே சைரன் ஒலித்ததா, சந்திப்பில் வேகம் குறைந்ததா என்று துருவுவோம். சிசிடிவி பதிவை உடனே கேளுங்கள். கொஞ்ச நாளில் அழிந்துவிடும்.

பைக்காரருக்கும் பொறுப்புண்டு. வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. காதில் இயர்போன் மாட்டியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்வார்.

தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே அதே சட்டத்தின் 164-ம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம்.