உலர் சலவைக் கிளை உரிமம்: கையெழுத்திடும் முன்

‘பிரான்சைஸ்’ எனப்படும் கிளை உரிமம் பெற்று உலர் சலவைக் கடை திறக்க விரும்புவோர், தொடக்கக் கட்டணத்தை மட்டும் கணக்கிடுதல் போதாது. இயந்திரங்கள், கடை அமைப்பு, வாடகைப் பிணைத்தொகை, காப்புறுதி, ஊழியர் சம்பளம் ஆகியவை தனிச் செலவுகள். தொடர் உரிமக் கட்டணம் பெரும்பாலும் இலாபத்தின்மீதன்றி மொத்த விற்பனையின்மீதே கணக்கிடப்படுகிறது. நட்டமடைந்த மாதத்திலும் அதனைச் செலுத்த நேரிடும்.

கடையிலேயே சலவை செய்வதாயின், இரசாயனக் கழிவுகளை வடிகாலில் விடலாகாது. அவற்றை முறைப்படி அகற்றுவதற்கும் செலவுண்டு. துணிகளைப் பெற்று வேறிடத்திற்கு அனுப்பும் கடைக்கு முதலீடு குறைவு. வாடகை ஒப்பந்தத்திற்கு முன், அவ்விடத்தில் இத்தொழிலுக்கு அனுமதி உண்டா என்பதை மாநகர சபையிடம் கேட்டறியுங்கள். வாடகைக் காலம் உரிமக் காலத்தைவிட நீண்டதாயின், உரிமம் முடிந்த பின்னரும் வாடகைப் பொறுப்பு உங்களுடையதே.

ஆஸ்திரேலிய விதிமுறைப்படி, புதிய ஒப்பந்தத்திற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் வெளிப்படுத்தல் ஆவணம் உங்களுக்கு வழங்கப்பட வேண்டும். அதில் குறிப்பிடப்பட்டுள்ள தற்போதைய, முன்னாள் உரிமதாரர்களுடன் பேசுங்கள். கையெழுத்திட்ட பின்னரும் 14 நாட்களுக்குள் விலகலாம். நியாயமான செலவுகள் கழிக்கப்படக்கூடும். குடியிருக்கும் வீட்டைப் பிணையாக வைக்குமுன், சட்டத்தரணியிடமும் கணக்காளரிடமும் ஆலோசனை பெறுங்கள். அரச அலுவலகங்களுடன் தமிழில் பேச, 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாம்.