பிள்ளைகளின் பந்தாட்டமும் பெற்றோரின் தொண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களின் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். கல்லாற்றைக் கடந்தபின் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளாகச் சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் தேயிலைச் சரிவுகளும் மூடுபனியும் நம்மை வரவேற்கின்றன. பழைய திருவிதாங்கூரின் மலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்து வந்துள்ளன என்பதை நேயர்கள் அறிவர். மலையின் எழிலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் இங்கே ஒரு சிறு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். இத்தகைய மலையடிவாரத்து ஊரொன்றில் பிள்ளைகள் கூடிக் கால்பந்தாட்டக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டால், அக்குழுவை நடத்திச் செல்பவர் யார்?

பயிற்சியாளர் என்று உடனே விடை கூறத் தோன்றும். ஆனால் பயிற்சியாளரின் வேலை ஆட்டத்தைக் கற்பிப்பது. பந்தை நிறுத்துவதும், கடத்துவதும், இடமறிந்து நிற்பதும் அவர் துறை. பிள்ளைகளின் பெயர்ப் பதிவு, வயதுச் சான்று, பயணம், உணவு, மருந்து, பணக்கணக்கு, பெற்றோருக்குச் சேதி அனுப்புதல் ஆகியவற்றையும் அவர் தலையிலேயே ஏற்றினால், பயிற்சிக்கென உள்ள நேரம் கரைந்து போகும். ஆகவே குழுவிலுள்ள பிள்ளை ஒன்றின் தந்தையோ தாயோ ஊதியம் எதிர்பாராமல் இவ்வேலைகளைத் தாமே மேற்கொள்வது உலகின் பல நாடுகளில் வழக்கமாயிற்று. அவரைக் குழு மானேஜர் என்றும் குழு நிர்வாகி என்றும் கூறுவர்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து டாரன்ஸ் நகரில் 1964-ஆம் ஆண்டு ஒன்பது குழுக்களுடன் ஓர் இளைஞர் கால்பந்து அமைப்பு தோன்றியது. பயிற்றுவோர், நடுவர், நிர்வாகி என யாவரும் பெரும்பாலும் பெற்றோராகிய தொண்டர்களே. பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆடியே தீரவேண்டும் என்பது அவ்வமைப்பின் முதற் கொள்கை. நார்வே நாட்டின் விளையாட்டுச் சம்மேளனமோ 1987-ஆம் ஆண்டிலேயே சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. பிள்ளைக்கு 11 வயது ஆகும் ஆண்டு வரை வெற்றி தோல்விப் பட்டியல், தரவரிசை ஆகியவற்றுக்கு அவ்விதிகள் இடமளிப்பதில்லை. இவ்விரு நாடுகளிலும் பெற்றோர் தொண்டுக்கு அடிப்படையாய் நிற்கும் கருத்து ஒன்றே. சிறுவர் குழு என்பது வெற்றிக் கேடயம் ஈட்டும் சாதனமாக இருப்பதைவிட, வந்த பிள்ளை ஒவ்வொன்றும் ஆடி வளரும் இடமாக இருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இக்கருத்து வேரூன்றத் தொடங்கியுள்ளது. 1937-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், 2018-இல் 'கோல்டன் பேபி லீக்' என்னும் சிறுவர் போட்டித் திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 12 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சிறிய மைதானத்தில், குறைந்த எண்ணிக்கையுள்ள குழுக்களாகச் சேர்ந்து ஆடுவது அதன் அமைப்பாக இருந்தது. அத்தகைய லீகை நடத்தும் பொறுப்பைப் பள்ளியோ சங்கமோ தொண்டு நிறுவனமோ, பெற்றோரே கூடவோ ஏற்கலாம் என்று வழி திறந்துவிடப்பட்டதே இத்திட்டத்தில் நாம் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது.

கேரளத்துக்குப் பந்தாட்டம் புதிதன்று. 'பந்துகளி' என்ற சொல்லே அங்குக் குழந்தைகளின் வாயில் புரளும் சொல். திருவனந்தபுர மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பொழியூர் என்னும் மீனவர் ஊர், சந்தோஷ் கோப்பைப் போட்டிக்குக் கேரள அணிக்காகப் பல ஆட்டக்காரரை அளித்துப் பெயர் பெற்றது. அவ்வூரை அடுத்திருப்பது குமரி மாவட்டத்து நீரோடி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோதும் கடற்கரை மணல் இரண்டாகப் பிளந்துவிடவில்லை. எல்லைக்கு இருபுறமும் பிள்ளைகள் இன்றும் மணலில் பந்து உதைக்கின்றனர். 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. விளையாட்டு வளர்ச்சிக்குத் தம்மை ஒப்படைத்து, கேரள விளையாட்டுக் கவுன்சிலின் முதல் தலைவராய் விளங்கிய கோதவர்ம ராஜாவின் பிறந்த நாளாகிய அக்டோபர் 13, அம்மாநிலத்தில் விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவ்வளவு பெருமைக்கும் அடித்தளம் ஊர்தோறும் உள்ள சிறுவர் குழுக்களே.

இனி நிர்வாகியின் வேலை இன்னதென்பதைச் சற்று விரித்துக் காண்போம். பொன்முடி அடிவாரத்திலிருந்து 12 வயதுக்குட்பட்டோர் குழு ஒன்று திருவனந்தபுரத்துக்கு ஆடச் செல்வதாகக் கொள்வோம். ஆட்டம் காலை எட்டு மணிக்கு. பிள்ளைகளை விடியுமுன் எழுப்பிப் புறப்படச் செய்யவேண்டும். மலை மேலுள்ள வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் வளைவுகளில் இறங்கும்போது வயிறு நிறைய உண்டிருந்தால் வாந்தி எடுப்பர். எனவே சிறிது உண்டு புறப்பட்டு, சமவெளியை அடைந்தபின் மறுபடியும் சிறிது உண்ணுமாறு ஏற்பாடு செய்யவேண்டும். குடிநீர் போதுமான அளவு இருக்கவேண்டும். மாற்றுடையும் துவாலையும் வேண்டும். எத்தனை பிள்ளைகள் வண்டியில் ஏறினரோ அத்தனை பேரும் மாலையில் இறங்கினரா என்று பெயர் சொல்லி எண்ணிப் பார்க்கவேண்டும். இவற்றுள் ஒன்றும் பத்திரிகைச் செய்தியாவதில்லை. ஆயினும் இவற்றில் ஒன்று தவறினால் ஆட்டமே கெடும். சில சமயம் ஓர் உயிருக்கே ஆபத்து விளையும்.

நிர்வாகியின் கையில் ஒரு பதிவேடு எப்போதும் இருத்தல் வேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, பெற்றோரின் தொலைபேசி எண், ஆஸ்துமா போன்ற நோய் உண்டா, எந்த மருந்து ஒவ்வாது என்பவை அதில் இடம் பெறவேண்டும். தலையில் பலமாக அடிபட்ட பிள்ளை தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும், அன்று மீண்டும் களத்தில் இறங்கலாகாது. இதைப் பயிற்சியாளரிடம் துணிந்து கூறவேண்டியவர் நிர்வாகியே. மழைக்காலத்தில் ஆறாத புண்ணுடன் தேங்கிய சேற்றுநீரில் ஆடினால் எலிக்காய்ச்சல் பற்றும் அபாயமுண்டு. துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழைப் பருவத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னலுக்கு வாய்ப்பு மிகுதி என்று கேரளப் பேரிடர் மேலாண்மைத் துறையினர் எச்சரிப்பதுண்டு. மின்னல் கண்ட 30 வினாடிக்குள் இடியோசை கேட்டால் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்துச் செல்லவேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே களத்துக்குத் திரும்பவேண்டும். மரத்தடி பாதுகாப்பான இடமன்று.

வயதுச் சான்று என்பது நிர்வாகியின் நேர்மையைச் சோதிக்கும் இடம். 12 வயதுக் குழுவில் 14 வயதுப் பையனைச் சேர்த்துவிட்டால் வெற்றி எளிதாகும் என்ற ஆசை பலருக்கு எழுகிறது. அதனால் இளைய பிள்ளைகள் காயமுறுவதோடு, நியாயமாக இடம் பெறவேண்டிய ஒரு பிள்ளை வெளியே நிற்க நேரிடுகிறது. இம்மோசடியைத் தடுக்கவே, தேசிய அளவிலான இளையோர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கணிக்கும் சோதனை கையாளப்பட்டு வருகிறது. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இதில் தனிக் கவனம் செலுத்தவேண்டும். பிறப்புச் சான்றிதழை வழங்குபவர் பிள்ளை பிறந்த ஊரின் பதிவாளரே. தாய்வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அவ்வூரிலிருந்தே சான்றிதழ் பெறவேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலும் அதற்குப் பின்னரும் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்குரிய ஆவணம். கடைசி நாளில் தேடுவதைவிட முன்னரே பெற்று வைத்தல் நலம்.

பணத்தைப் பற்றியும் கூறவேண்டும். பந்து, சீருடை, வண்டிக் கூலி, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றுக்காகப் பெற்றோரிடம் தண்டும் தொகை சிறிதாயினும், அதற்கு வரவு செலவு எழுதி மாதந்தோறும் எல்லோருக்கும் காட்டவேண்டும். தினக்கூலிக்கு உழைக்கும் குடும்பத்துப் பிள்ளையிடம் பூட்ஸ் இல்லாதிருக்கலாம். அக்குறையைப் பிற பிள்ளைகளின் முன்னிலையில் பேசாது, ஓசையின்றி நிறைவேற்றுவது நிர்வாகியின் பண்பு. காலணி இல்லை என்ற நாணத்தால் ஆட்டத்தை விட்டு நின்றுவிடும் பிள்ளை காரணத்தை வாய்விட்டுக் கூறுவதில்லை. "விருப்பமில்லை" என்று மட்டுமே கூறும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது ஒன்றுண்டு. நிர்வாகியின் சொந்தப் பிள்ளையும் அதே குழுவில் ஆடுகிறது. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது தம் பிள்ளைக்காக ஒரு சொல் சொல்ல நாவு துடிக்கும். எல்லைக்கோட்டின் அருகில் நின்று நடுவரை ஏசவும் தோன்றும். இவ்விரண்டையும் அடக்கியவரே அப்பொறுப்புக்குத் தகுதியுடையவர். யார் ஆடுவது என்பதைப் பயிற்சியாளரின் முடிவுக்கு விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட நேரம் கிடைக்கிறதா என்பதை மட்டும் குறித்து வருவது நன்று. நான்கு ஆட்டங்களாக ஒரு பிள்ளை ஓரத்திலேயே அமர்ந்திருந்தால், அதைக் கண்டு பயிற்சியாளரிடம் அமைதியாக எடுத்துரைக்கவேண்டும். அப்பிள்ளையின் பெற்றோர் வந்து முறையிடும்வரை காத்திருத்தல் ஆகாது. மொழியறியாத பெற்றோர் முறையிடவே மாட்டார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் வரையறை தேவை. வெளியூர்ப் பயணத்தில் பெரியவர் இருவரேனும் உடன் செல்லவேண்டும். பெண் பிள்ளைகள் இருக்குமிடத்தில் தாயொருவர் உடனிருப்பது நலம். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது. தவறு நேர்ந்ததென்ற ஐயம் எழுந்தால் மூடி மறைப்பது குழுவின் மானத்தைக் காப்பதாகாது. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. சிறுவர் உதவிக்கான 1098 என்ற எண்ணையும் எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருக்கச் செய்யலாம்.

தாய்மார் இப்பொறுப்பை ஏற்கத் தயங்கவேண்டியதில்லை. ஆட்ட நுணுக்கம் அறிந்திருக்க வேண்டுமென்ற நிபந்தனை நிர்வாகிக்குக் கிடையாது. ஒரு குடும்பத்தின் நாளை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவருக்குப் பதினைந்து பிள்ளைகளின் ஒரு காலைப்பொழுதை ஒழுங்குபடுத்துவது இயலாத காரியமன்று. ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கவும் வேண்டாம். பயணம் ஒருவருக்கு, கணக்கு ஒருவருக்கு, மருந்துப் பெட்டி ஒருவருக்கு எனப் பகிர்ந்துகொண்டால் தொண்டு சுமையாகாது.

மும்பையிலோ பெங்களூரிலோ கேரளத்திலோ வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர், "மொழி சரியாக வராது, நமக்கேன்?" என்று மைதானத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளோ அவ்வூர் மொழியில் கூவிப் பந்தைக் கேட்கின்றனர். பிள்ளை புகுந்துவிட்ட இடத்துக்குப் பெற்றோரும் செல்லலாம். தண்ணீர்க் குடம் தூக்குவதற்கும், பெயர் சொல்லி எண்ணுவதற்கும் இலக்கணப் பிழையற்ற மலையாளமோ மராத்தியோ கன்னடமோ தேவையில்லை. ஒரு பருவம் அவ்வாறு உழைத்தவரை அவ்வூரார் அயலாராகக் கருதுவது அரிது. குழுவுக்குப் புதிதாக வரும் மற்றொரு வெளியூர்ப் பிள்ளைக்கும் அவரால் துணை கிடைக்கும்.

கேரளப் பள்ளிகளின் படிவங்களில் பெற்றோர் கையெழுத்திடும் இடத்தில் 'ரக்ஷிதாவு' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். காப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். தம் பிள்ளைக்கு மட்டும் காப்பாளராக இருப்பவர் சிறிது நேரம் ஒதுக்கினால், குழுவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் காப்பாளராகலாம். நேயர்கள் தாம் வாழும் ஊரிலுள்ள சிறுவர் குழு எதுவென அறிந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை அதன் பயிற்சியாளரை அணுகி, "நாம் செய்யக்கூடிய வேலை ஏதேனும் உண்டா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.