அரக்கருக்கும் ஒரு படி

நவராத்திரியின்போது ஒரு நாள் மாலை, பெங்களூர் விவேக் நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் இல்லத்துக்குக் கொலு காணச் சென்றிருந்தோம். வீடு சிறிது, ஆகையால் ஐந்தே படிகள். பாட்டியார் தாம் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொணர்ந்த பண்ருட்டி மண் பொம்மைகளைத் துடைத்து அடுக்கிக் கொண்டிருந்தார். அவ்வேளையில் பத்து வயதுப் பேரன் ஓர் உருவத்தை ஏந்தி வந்தான். சாண் உயரமுள்ள பிளாஸ்டிக் பொம்மை அது. தட்டையான உச்சி, பச்சை முகம், நெற்றியில் தழும்பு, கழுத்தின் இருபுறமும் ஆணி!

“இதையும் கொலுவில் வைக்க வேண்டும், பாட்டி” என்றான் சிறுவன்.

“நல்ல நாளும் அதுவுமாகப் பேயைக் கொண்டு வந்து வைப்பார்களா?” என்றார் பாட்டியார்.

சிறுவன் முகம் வாடிற்று. பல மாதங்கள் சேர்த்த காசில் அவன் வாங்கிய பொருள் அது. வழக்கு நம்மிடம் வந்தது. அன்று நாம் கூறியதைச் சற்று விரித்து இங்கே கூறுகிறோம். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய வழக்கு எழக்கூடும் அன்றோ?

அப்பொம்மையின் வரலாறு 1818-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய நாவலில், பிராங்கென்ஸ்டீன் என்ற இளைஞன் உயிரற்ற உடலுறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் சமைத்து அதற்கு உயிரூட்டுகிறான். அவ்வுருவத்துக்குப் பெயரே இல்லை. பிராங்கென்ஸ்டீன் என்பது படைத்தவனுடைய பெயர். மக்களோ அதனைப் படைக்கப்பட்டதற்கே சூட்டிவிட்டனர்.

1931-இல் அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் இக்கதையைப் பேசும் படமாக்கியது. உருவத்தின் வேடம் தாங்கியவர் போரிஸ் கார்லாஃப். இவருடைய தந்தையார் ஆங்கிலேய ஆட்சியில் இந்தியாவில் அலுவல் பார்த்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. தட்டையான உச்சியையும் கழுத்து ஆணியையும் கொண்ட அந்த முகத்தை அமைத்தவர் ஜாக் பியர்ஸ் என்னும் ஒப்பனைக் கலைஞர். அதே ஆண்டில் பெலா லுகோசி நடித்த டிராகுலா வெளிவந்தது. 1932-இல் எகிப்தியப் பிணமும், 1941-இல் ஓநாய் மனிதனும், 1954-இல் நீர்வாழ் பூதமும் திரையில் தோன்றின.

திரையில் நின்ற இவ்வுருவங்கள் கையில் ஏறியது எவ்வாறு? 1957-இல் இத்தகைய ஐம்பத்திரண்டு பழைய படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு தொகுதியாக வழங்கப்பெற்றன. கொட்டகையில் தந்தையரை அச்சுறுத்தியவை மைந்தர்களின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. 1961-இல் அரோரா என்னும் நிறுவனம் பிராங்கென்ஸ்டீன் உருவத்தைத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறுப்புகளாக விற்கத் தலைப்பட்டது. சிறுவர்கள் அவற்றைப் பசையிட்டு ஒட்டி, வண்ணம் தீட்டினர். கதையில் பிராங்கென்ஸ்டீன் செய்த வேலையை இங்கே சிறுவனே செய்தான்! தன் கையால் ஒட்டிய உருவத்தைக் கண்டு அஞ்சுவோர் உண்டோ?

1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் மூட்டுக்கு மூட்டு அசையும் போர்வீரன் உருவத்தை வெளியிட்டபோது, ‘பொம்மை’ என்றால் ஆண்பிள்ளைகள் வாங்கமாட்டார்கள் என அஞ்சி, ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று புதுப் பெயர் சூட்டியது. பின்னர் அரக்க உருவங்களும் அம்முறையில் வெளிவந்தன. இன்று இவற்றை விரும்பிச் சேகரிப்போருள் பெரியவர்களும் மிகுதி. முகச் சாயல் நடிகரை ஒத்திருக்கிறதா, மூட்டுகள் எத்தனை, பெட்டி பிரிக்கப்படாமல் உள்ளதா என்பவற்றைக் கொண்டு அவர்கள் மதிப்பிடுகின்றனர்.

அச்சாயலைப் பற்றி ஒரு வழக்கும் நடந்தது. 1956-இல் லுகோசி மறைந்த பின்னர், அவருடைய சாயலைப் பல்வகைப் பொருள்களில் பயன்படுத்தும் உரிமையைப் படநிறுவனம் பிறருக்கு அளித்து வந்தது. அவர் மனைவியும் மகனும் நீதிமன்றம் சென்றனர். 1979-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், அவ்வுரிமை வாரிசுகளுக்குச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. எனினும், 1985 முதல் நடைமுறைக்கு வந்த அம்மாநிலச் சட்டம் மறைந்தோரின் சாயலுக்குப் பாதுகாப்பு அளித்தது. அரக்க முகத்துக்குப் பின்னேயும் ஒரு மனிதரும் அவர்தம் குடும்பமும் உண்டு என்பதை இவ்வழக்கு நினைவூட்டுகிறது.

இனி, நம் கொலுவைக் காண்போம். அங்கே அரக்கர் இல்லையா? தசாவதார வரிசையில் நரசிம்மரின் மடியில் இரணியன் கிடக்கிறான். பாட்டியாரின் மூன்றாம் படியிலேயே கும்பகருணன் உறங்குகிறான். முரசறைந்தும் ஊதியும் அவனை எழுப்புவோர் சூழ நிற்கின்றனர். தெருவில் எழும்பும் புதுக் கட்டிடத்தின் முகப்பிலும் கோரைப்பல்லும் பிதுங்கிய விழியுமாகத் திருஷ்டி பொம்மை தொங்குகிறது. அச்சத்துக்கு உருவம் கொடுத்து, அதனைச் சிறிதாக்கி, கண்ணெதிரே வைத்துப் பழகுவது நமக்குப் புதிதன்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் அரக்கன் தனியே நிற்பதில்லை. தன் கதையோடு நிற்கிறான். கடையில் வாங்கிய உருவமோ கதையைத் துறந்து தனியே வருகிறது. கதை நீங்கினால் எஞ்சுவது கோர முகமே. பாட்டியார் கண்டது அதனைத்தான்.

ஆகவே, அவருக்கு அக்கதையைக் கூறினோம். படைத்தவனே தன் படைப்பைக் கண்டு அருவருத்து ஓடினான். பெயரிடவும் ஆளின்றி, அன்பு தேடிச் சென்ற இடமெல்லாம் அடிபட்டு, பின்னரே அது கொடுமையில் இறங்கிற்று என்றோம். பாட்டியார் சற்று நேரம் பேசவில்லை. “பெற்றவன் கைவிட்ட பிள்ளையா இது?” என்றார்.

பிறகு சிறுவனிடம், “உறங்குகிறானே, அவன் யார்?” என வினவினோம். அவனுக்குத் தெரியவில்லை. ஆண்டுதோறும் அவனே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பொம்மைதான்! அண்ணன் செய்தது தவறு என்று அறிந்து இடித்துரைத்தும், உண்ட உப்பை மறவாமல் அவனுக்காகவே போர்க்களம் சென்று மாண்ட தம்பியின் கதையைப் பாட்டியார் கூறத் தொடங்கினார். சிறுவன் பிளாஸ்டிக் உருவத்தை மடியில் வைத்துக் கொண்டு கேட்டான்.

ஊரை விட்டு வந்த நாம் பொம்மைகளைப் பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டோம். கதைகளைக் கொண்டு வந்தோமா என்பதே கேள்வி. பெட்டியில் பாதி பொம்மைதான் இருக்கிறது; மறு பாதி பெரியவர் நாவில் இருக்கிறது. அவ்வாறே, பிள்ளைகள் வாங்கி வரும் புதிய உருவங்களைக் கண்டு முகம் சுளிக்குமுன், “இவன் யார்? கதை என்ன?” என்று அவர்களைக் கேட்பதும் நம் கடமையாகும்.

நாம் விடைபெற்றபோது பச்சை முகத்தானுக்குக் கடைசிப் படியில், சன்னபட்டணத்து மரக் குதிரைக்கு அருகே, இடம் கிடைத்திருந்தது. “முகம் சுவரைப் பார்த்து இருக்கட்டும்” என்று மட்டும் பாட்டியார் கூறினார். நாம் தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, சிறுவன் அதனை மெல்ல நம் பக்கம் திருப்பிக் கொண்டிருந்தான்.