நிலவு முகம் பார்த்த வீதி

"மாப்பிள்ளை, இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்!"

2014-ல் எங்கள் மகள் கல்யாணத்துக்கு ஜரிகைக் கரையும் பித்தளைச் சாமான்களும் வாங்கச் சாந்தினி சௌக் போய் வந்த அன்று என் மாமியார் சொன்னது இது. காரும் ஆட்டோவும் ரிக்‌ஷாவும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்க, நடுவே புகுந்த ஒரு ஸ்கூட்டர் அவர் காலில் ஏறிவிட்டது. தலைக்கு மேலே மின்கம்பிகள் சிலந்தி வலைபோல. தில்லியில் குடியேறிய நம்மவர் பலருக்கும் அந்த வீதி என்றாலே இந்த நினைவுதான் வரும்.

ஆனால் அது அப்படிப் பிறந்த வீதியல்ல. ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650-ம் ஆண்டு வாக்கில் அமைத்தது. செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர். நடுவே கால்வாய் ஓடியது. இடையில் இருந்த சதுக்கத்தில் ஒரு குளம். அதில் நிலவொளி விழுந்ததால் சாந்தினி சௌக், அதாவது நிலாச் சதுக்கம். முதலில் அந்த இடத்துக்கு மட்டும் இருந்த பெயர் பிறகு வீதி முழுவதற்கும் ஆயிற்று.

1857-க்குப் பிறகு காட்சி மாறியது. ஜஹானாரா கட்டிய சத்திரம் போய் டவுன் ஹால் எழுந்தது. குளம் இருந்த இடத்தில் மணிக்கூண்டு வந்தது. அதுவும் 1951-ல் இடிந்து விழுந்தது. 1908-ல் வந்த டிராம் வண்டி 1963 வரை ஓடியது. அதன்பின் மோட்டார் வாகனங்கள் வைத்ததே சட்டமாகிவிட்டது.

2018 டிசம்பரில் சீரமைப்பு வேலை தொடங்கி, 2021 செப்டம்பரில் புதிய வீதி திறக்கப்பட்டது. பிரதான வீதியின் மின்கம்பிகளைப் பூமிக்குள் இறக்கினார்கள். சிவப்புக் கருங்கல் பதித்து, நடைபாதையை அகலமாக்கி, உட்கார இருக்கைகளும் போட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு விதி: காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனம் கூடாது. கடைச் சரக்கு லாரிகள் இரவில் வரவேண்டும். பகலில் சைக்கிள் ரிக்‌ஷாவும் கால்நடையும்தான்.

என்னைக் கேட்டால், வீதிக்கு உயிர் கொடுத்தது கல் அல்ல, இந்த விதிதான். அகலம் அங்கே என்றும் இருந்தது. வண்டிகள் அதை விழுங்கியிருந்தன. வண்டிகள் விலகியதும், லால் மந்திர், கௌரி சங்கர் கோயில், பாப்டிஸ்ட் சர்ச், சீஸ்கஞ்ச் குருத்வாரா, சுனேரி மசூதி என்று ஒரே வரிசையில் நிற்பவை கண்ணில் படுகின்றன. இத்தனை மதத்தாரும் ஒரு வீதியைப் பகிர்ந்துகொள்வதை நம் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்காமலே காட்டிவிடலாம்.

குறையும் உண்டு. வேலை நடந்தது பிரதான வீதியில்தான். உள்ளே சந்துகளில் கம்பிகள் இன்னும் தொங்குகின்றன. 2022 நவம்பரில் பாகீரத் பேலஸ் மின்சாதனச் சந்தையில் பிடித்த தீயை அணைக்கச் சில நாட்களாயின. சந்துகள் குறுகல் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. விதியும் தானாக நிற்பதில்லை. காவல் சற்று அசந்தால் மோட்டார் சைக்கிள்கள் நுழைந்துவிடுகின்றன. கல் பதிக்க மூன்று ஆண்டுகள் போதும். விதியைக் காப்பது தினசரி வேலை.

போன குளிர்காலத்தில் மாமியாரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். மெட்ரோவில் லால் கிலா நிலையம் வரை போய், சைக்கிள் ரிக்‌ஷாவில் ஃபதேபுரி வரை மெதுவாகச் சென்றோம். ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலான கடைகள் மூடியிருந்ததால் கட்டடங்களைப் பார்க்க வசதி. நீங்களும் குழந்தைகளோடு ஒரு ஞாயிறு போய் வாருங்கள். வண்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

திரும்பும்போது டவுன் ஹால் எதிரே இருக்கையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார் மாமியார். "நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், மாப்பிள்ளை" என்றார். அதற்குள் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இவனை யாராவது கேட்கக்கூடாதா?"

கேட்கவேண்டியவர்கள் நாம்தானே!